பங்க் படங்களில் கலகக்காரனுக்கு ஏன் இரண்டே முடிவுகள்?

‘சிட் அண்ட் நான்சி’யையும் ‘எஸ்.எல்.சி. பங்க்’கையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, பங்க் என்ற கலக ராக் இசையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் நிஜத்திலும் இப்படித்தான் இருந்தார்களா, அவர்களைச் சரியாகக் காட்டும் படம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: “ஏன் ஒவ்வொரு படத்திலும் அவன் ஒன்று செத்துப்போகிறான், இல்லையென்றால் திருந்திவிடுகிறான்?” உங்களுடைய உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. இளமையின் கலகம் இயல்பாகவே அப்படித்தான் முடியுமா, அல்லது சினிமா தன் வசதிக்காக அதை அப்படி முடித்துவைக்கிறதா? படங்களின் பட்டியல் கொடுப்பதைவிட இதற்குப் பதில் சொல்லவே விரும்புகிறேன்.

நான் ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்பவன். பல வருடங்களாக அதைக் கற்பித்தும் வருகிறேன். இந்தப் படங்களை வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு படம் எதை எடுத்தது, எதை வெட்டியது, எதன் பக்கத்தில் எதை ஒட்டியது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் லண்டனிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ அந்தக் கூட்டத்துக்குள் நான் நின்றதில்லை. அங்கே இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளையும் பேட்டிகளையும் நம்பித்தான் பேசுகிறேன். அவர்களும் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். பங்க் பற்றிய பொதுப் பிம்பத்தை முதலில் உண்டாக்கியது தொலைக்காட்சி. 1976 டிசம்பர் 1 அன்று மாலை, தேம்ஸ் தொலைக்காட்சியின் நேரலையில் பில் கிரண்டி என்ற தொகுப்பாளர் தூண்டிவிட, லண்டனின் பங்க் இசைக்குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் கெட்ட வார்த்தைகளில் பதில் சொன்னது. மறுநாள் பத்திரிகைகள் கொந்தளித்தன. ஊர் ஊராக அவர்களுடைய கச்சேரிகள் ரத்தாயின. அதுவரை சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயம், ‘ஆபத்தான பிள்ளைகள்’ என்ற முத்திரையோடுதான் நாட்டுக்கே அறிமுகமானது. பின்னால் வந்த படங்கள் பலவும் அந்த முத்திரையிலிருந்தே தொடங்குகின்றன. இன்னொன்றும் உறுதி: சேவல் கொண்டையைப் போல உயர்ந்து நிற்கும் மொஹாக் முடி 1976, 77 லண்டனின் அடையாளமே அல்ல. அது பரவியது எண்பதுகளின் தொடக்கத்தில். 1977இல் நடப்பதாகச் சொல்லும் படமொன்றில் தெரு முழுக்க மொஹாக் தலைகளைப் பார்த்தால், அந்தப் பிம்பம் பிற்கால அஞ்சலட்டைகளிலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியும் ஹாலிவுட்டும் இந்த முத்திரையைப் பயன்படுத்திக்கொண்ட விதத்தைப் பார்க்க இரண்டு உதாரணங்கள் போதும். 1982 டிசம்பரில் ஒளிபரப்பான ‘க்வின்சி’ தொடரின் ஒரு பகுதியில், பங்க் கச்சேரி ஒன்றில் ஆடிக்கொண்டிருக்கும் பையன் குத்திக் கொல்லப்படுகிறான். பிரேதப் பரிசோதனை நிபுணரான கதாநாயகன் கடைசியில் குற்றம்சாட்டுவது அந்த இசையை. நிஜ பங்க் இளைஞர்கள் இதை எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், வேஷம் மட்டும் போட்டுத் திரிபவனை ‘க்வின்சி பங்க்’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். 1986இல் வந்த நான்காவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பேருந்துக் காட்சி ஒன்று இருக்கிறது. ஒருவன் பெரிய ரேடியோவில் பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறான்; கதையின் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக் அவன் கழுத்தில் கைவைத்து மயங்கச் செய்கிறார்; உடனே பேருந்தில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலை நான் மாணவர்களுக்கு நிறுத்திக் காட்டுவதுண்டு. பயணிகளின் முகங்களுக்கு வெட்டும்போது திரையரங்கில் இருப்பவர்களுக்கும் கைதட்ட அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தப் பையன் யார், எங்கே இறங்க வேண்டியவன் என்று கேட்க யாருக்கும் நேரமே தரப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான படம் பெனலபி ஸ்ஃபீரிஸ் எடுத்த ‘தி டிக்லைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’. 1979 இறுதியிலிருந்து 1980 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் படமாக்கி 1981இல் வெளியிட்டார். பிளாக் ஃபிளாக், ஜெர்ம்ஸ், எக்ஸ், ஃபியர், ஆலிஸ் பேக் குழு என்று அந்த ஊர் பங்க் குழுக்கள் பல இருக்கின்றன. படத்தில் வன்முறையும் இருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் பாடல்கள் சிலவற்றின் வரிகளைத் திரையின் கீழே எழுத்தில் போடுகிறார். வெளியாட்களுக்கு வெறும் கூச்சலாகக் கேட்ட ஒன்றை, இது படிக்கத் தக்க எழுத்து என்று அந்த ஒரு முடிவினால் சொல்லிவிட்டார். ஜெர்ம்ஸ் பாடகர் டார்பி கிராஷ் மேடையில் நிற்கவே முடியாமல் தள்ளாடுகிறார். அதே ஆள் வீட்டுச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டே பேசுகிறார். இரண்டையும் ஒரே படத்துக்குள் வைத்ததால் அவரைப் பூதமாகவும் பார்க்க முடியவில்லை, தியாகியாகவும் பார்க்க முடியவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, 1980 டிசம்பர் 7 அன்று, 22 வயதில் அவர் இறந்துபோனார். நகரப் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ், இந்தப் படத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் இனித் திரையிடக் கூடாது என்று கடிதம் எழுதினார் என ஸ்ஃபீரிஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே படத்தை 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது.

சந்தேகத்துக்குரிய விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படங்களும் தொலைக்காட்சியும் பங்க் என்றால் அடிதடி என்று காட்டியதால்தான், அடிதடிக்காகவே ஒரு கூட்டம் கச்சேரிகளுக்கு வரத் தொடங்கியது என்று அந்தக் காலத்தவர் பலர் எழுதியிருக்கிறார்கள். முதலில் அங்கே இருந்த பெண்கள், ஓவியக் கல்லூரி மாணவர்கள், ஓரினச்சேர்க்கையாளர்கள் எல்லாரும் மெல்ல விலகிப்போனார்கள் என்றும் சொல்கிறார்கள். இது நடந்திருக்கக்கூடியது என்றே நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு தூரம் படங்களால், எவ்வளவு தூரம் போலீஸ் கெடுபிடியால், எவ்வளவு தூரம் புறநகர்ப் பையன்கள் வரத் தொடங்கியதால் என்று பிரித்து அளக்க வழியில்லை. படம்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘எந்தப் படம் உண்மை’ என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் ஜூலியன் டெம்பிளின் இரண்டு படங்கள். 1980இல் ‘தி கிரேட் ராக் அண்ட் ரோல் ஸ்விண்டில்’ எடுத்தார். அது முழுக்க மேலாளர் மால்கம் மெக்லாரனின் கோணம்: பிஸ்டல்ஸ் குழுவை உருவாக்கியதே நான்தான், பையன்கள் என் கையில் பொம்மைகள், எல்லாமே திட்டமிட்ட மோசடி. குழுவின் பாடகர் ஜான் லைடன் 1978 ஜனவரியிலேயே விலகிவிட்டதால் பழைய காட்சித் துண்டுகளில் மட்டும் தெரிகிறார். அவர் தரப்பு அதில் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2000இல், அதே டெம்பிள் ‘தி ஃபில்த் அண்ட் தி ஃபியூரி’ எடுத்தார். பழைய காட்சிகளில் பல திரும்பவும் வருகின்றன, ஆனால் சொல்கிறவர்கள் மாறிவிட்டார்கள். குழு உறுப்பினர்கள் முகம் தெரியாத நிழலுருவங்களாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுபதுகளின் பிரிட்டனில் வேலையில்லாமல், குப்பை அள்ளப்படாத தெருக்களில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கதையாக அது மாறுகிறது. குழுவின் பேஸ் கிதார் கலைஞர் சிட் விஷியஸைக் காப்பாற்ற முடியவில்லையே என்று லைடன் குரல் உடைந்து அழுகிறார்.

ஒரே இயக்குநர், பெரும்பாலும் அதே துண்டுகள், எதிரெதிரான இரண்டு கதைகள். நடுவில் என்ன நடந்தது? லைடன் வழக்குத் தொடுத்து, 1986இல் குழுவின் உரிமைகள் மெக்லாரனிடமிருந்து உறுப்பினர்களுக்கும் சிட்டின் தாயாருக்கும் வந்துசேர்ந்தன. படச்சுருள் யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பது வரலாற்றை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டாவது படம் முதலாவதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். இருந்தாலும் அதுவும் ஒரு தரப்பின் வாக்குமூலம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பிஸ்டல்ஸ் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

இப்போது நீங்கள் பார்த்த ‘சிட் அண்ட் நான்சி’. அலெக்ஸ் காக்ஸ் 1986இல் எடுத்தது. உறுதியானது இவ்வளவு: 1978 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் செல்சி ஹோட்டலில் சிட்டின் காதலி, 20 வயது நான்சி ஸ்பங்கன் கத்திக் குத்துக் காயத்தோடு இறந்து கிடந்தார். சிட் கைதானார். ஜாமீனில் வெளியே வந்தவர் 1979 பிப்ரவரி 2 அன்று ஹெராயின் அதிகமாகி 21 வயதில் இறந்தார். அதனால் விசாரணையே நடக்கவில்லை. யார் குத்தியது, எப்படிக் குத்தியது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சண்டைக்கு நடுவில் ஏறக்குறைய தற்செயலாகக் கத்தி பாய்வதாகப் படம் காட்டுவது காக்ஸ் தேர்ந்தெடுத்த ஒரு ஊகம். படத்தில் ஒரு சந்தில் குப்பைத் தொட்டியில் சாய்ந்தபடி இருவரும் முத்தமிட, சுற்றிலும் குப்பை மெதுவாகப் பொழிகிறது. ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு. மறக்க முடியாத ஷாட். அந்த ஷாட்தான் எனக்குள்ள மனத்தடையும். இரண்டு பேர் போதையில் அழிந்துபோனதை அது ஒரு காவியக் காதலாக உயர்த்திவிடுகிறது. அழிவு அழகாகிவிடும்போது, பங்க் என்பதன் பொருளே சீக்கிரம் சாவது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். லைடன் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடியதில் எனக்கு ஆச்சரியமில்லை. சிட்டாக வரும் கேரி ஓல்ட்மேனின் நடிப்பு பெரிய நடிப்பு என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நீங்கள் பார்த்த மற்றொரு படம் ‘எஸ்.எல்.சி. பங்க்’, 1998. 1985இன் சால்ட் லேக் சிட்டி. மார்மன் மதக் கட்டுப்பாடு மிகுந்த அந்த ஊரிலேயே வளர்ந்த ஜேம்ஸ் மெரெண்டினோ எடுத்தார். சிறிய ஊரில் கலகக்காரனாக இருப்பதன் தனிமை, தோழமை, அபத்தம் எல்லாவற்றையும் அவர் நன்றாக அறிந்திருக்கிறார். ஊசி என்றாலே நடுங்கும் ஹெராயின் பாப் என்ற நண்பன் மாத்திரையால் இறந்துபோக, நாயகன் ஸ்டீவோ தலையை மழித்துக்கொண்டு ஹார்வர்டில் சட்டம் படிக்கக் கிளம்புகிறான். உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு முடிவுகளும் இந்த ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: ஒருவன் சாகிறான், ஒருவன் திருந்துகிறான்.

காரணம் என்னவென்றால், கதைப்படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முடிவு வேண்டும். கலகத்தை ஒரு நோயைப் போலத் தொடங்கிவைத்தால், அது ஒன்று ஆளைக் கொல்ல வேண்டும், அல்லது குணமாக வேண்டும். திரைக்கதை எழுதுபவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. அந்த வடிவம் அவரை அங்கே தள்ளிக்கொண்டு போகிறது. நிஜத்திலோ மிகப் பலருக்கு வாய்த்தது மூன்றாவது ஒரு வழி. அவர்கள் சாகவும் இல்லை, கைவிடவும் இல்லை, தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். பாடகர் இயான் மெக்கே 1980இல் வாஷிங்டனில் நண்பர்களோடு தொடங்கிய டிஸ்கார்ட் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் எதற்கும் விற்காமல் நடத்திவந்தார். குடியும் போதையும் வேண்டாம் என்ற ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ நிலைப்பாடு, 1981இல் அவர் பாடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவான பாட்டிலிருந்துதான் பெயர் பெற்றது. பங்க் என்றால் ஹெராயின் என்று காட்டும் படம் இதற்கு இடமே வைப்பதில்லை. ஸ்ஃபீரிஸின் படத்தில் வரும் பாடகி ஆலிஸ் பேக் பள்ளி ஆசிரியை ஆனார், பாடவும் செய்தார். பேட் ரிலிஜன் குழுவின் கிரெக் கிராஃபின் 2003இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், பாட்டையும் விடவில்லை. இந்த வாழ்க்கைகளில் உச்சக்காட்சி இல்லை. அதனால்தான் தயாரிப்பாளர் யாரும் தேடி வருவதில்லை.

அந்த மூன்றாவது வழியை உள்ளபடி காட்டும் படம் ஒன்று உண்டு. மெக்கேயின் ஃபுகாஸி குழுவைப் பற்றி ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ரூமென்ட்’, 1999. பத்து வருடங்களுக்கு மேல் சூப்பர் 8 என்ற சிறிய படச்சுருள், 16 மி.மீ., வீடியோ என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் எடுத்த துண்டுகளைக் குழுவினரோடு சேர்ந்தே கோர்த்தார். பாதி நேரம் ஒன்றுமே ‘நடக்காது’: வேனில் பயணம், ஒத்திகை, வரிசையில் நிற்கும் ரசிகர்களின் முகங்கள். நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலரைச் சுற்றியே வைத்திருக்க வேண்டும், எல்லா வயதினரும் உள்ளே வர வேண்டும் என்ற பிடிவாதம். கூட்டத்தில் மற்றவர்களை இடித்துத் தள்ளும் ஒருவனைப் பார்த்து, கச்சேரிக்கு முன்னால் நீ ஐஸ்கிரீம் சாப்பிட்டதை நான் பார்த்தேன் என்று குழுவின் மற்றொரு பாடகரான கை பிச்சோட்டோ மேடையிலிருந்து சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். முரடனாகத் தன்னைக் காட்டிக்கொள்பவனை அந்த வார்த்தை சாதாரணப் பையனாக்கிவிடுகிறது. பேருந்தில் மயங்கி விழுந்தவனுக்குக் கிடைக்காத மரியாதையும் அதில் இருக்கிறது.

இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்த இளைஞர்கள் எதையாவது உடைப்பதை மட்டும் காட்டுகிறதா, உருவாக்குவதையும் காட்டுகிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள். உடைப்பதைக் காட்ட ஒரு ஷாட் போதும். கண்ணாடி நொறுங்கும், வேலை முடிந்தது. உருவாக்குவதைக் காட்ட நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். 1977இல் பிரிட்டனில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை மூன்று கிதார் கார்டுகளின் (சுரக்கூட்டுகளின்) படத்தைப் போட்டு, இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று எழுதியது. திறமை வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்காதே என்பதுதான் பங்க்கின் அடிவேர். லண்டனின் ராக்ஸி கிளப்பில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்த டான் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், அதே துணிவில் ஒரு சூப்பர் 8 கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்ததுதான் ‘தி பங்க் ராக் மூவி’. ஒரு சூப்பர் 8 சுருள் இரண்டரை முதல் மூன்றேகால் நிமிடம் வரைதான் ஓடும். அந்தப் பாடல்கள் பலவும் அந்த நீளம்தான். ஆட்டம், மங்கல், பாதியில் அறுந்துபோகும் காட்சிகள் எல்லாம் உண்டு. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவனின் பார்வை அதில் எங்கும் இல்லை.

கதைப்படங்களில் இந்த அளவுகோலுக்கு மிகச் சரியாகப் பொருந்துவது லூகாஸ் மூடிசனின் ‘வி ஆர் தி பெஸ்ட்’, 2013. அவருடைய மனைவி கோகோ மூடிசன் வரைந்த படக்கதையை வைத்து எடுத்தது. 1982 ஸ்டாக்ஹோம், பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுமிகள் மூவர். அவர்களில் இருவர், இளைஞர் மையத்தில் தங்களை எரிச்சலூட்டும் மெட்டல் இசைப் பையன்களிடமிருந்து ஒத்திகை அறையைப் பிடுங்குவதற்காகவே, வாசிக்கத் தெரியாமல் குழு தொடங்குகிறார்கள்; கிதார் தெரிந்த மூன்றாமவள் பிறகு சேர்கிறாள். அவர்களுடைய ஒரே பாட்டு பள்ளி விளையாட்டு வகுப்பை வெறுப்பது பற்றியது. பெரிய அடக்குமுறை எதுவும் அங்கே இல்லை. வீட்டில் அன்பானவர்கள்தான் இருக்கிறார்கள். ‘பங்க் செத்துவிட்டது’ என்று எல்லாரும் சொல்லிவிட்ட பிறகு அதைத் தொடங்குகிறார்கள். கடைசியில் யாரும் சாகவில்லை, திருந்தவும் இல்லை. கலகத்துக்குப் பெரிய காயம் ஒன்று காரணமாக இருந்தாக வேண்டும் என்ற சினிமா நம்பிக்கையை இந்தப் படம் அமைதியாக விலக்கிவைக்கிறது.

இந்தப் படங்களில் யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். நாயகன் ஏறக்குறைய எப்போதும் வெள்ளைப் பையன். ஆனால் 1977இல் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் பாடிய பாலி ஸ்டைரீன் ஒரு சோமாலியரின் மகள். அவரைப் பற்றி அவர் மகளே சேர்ந்து இயக்கிய முழுநீளப் படம் வர 2021 ஆனது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் ஓடுவது, குடியேறிகளைப் பற்றி லண்டன் பங்க் குழுவான கிளாஷ் 1982இல் பாடிய பாட்டின் இசைத்துண்டு. திரைப்படக் கல்வி படித்த அவர் தானே எடுத்துவைத்திருந்த வீடியோக்களை வைத்து, உடன்படித்த நண்பர் 2018இல் ஓர் ஆவணப்படம் செய்தார். பங்க்கின் வாரிசுகளைத் தேடினால் தோல் ஜாக்கெட் போட்டவர்களை மட்டும் பார்த்தால் போதாது.

நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் சிக்கலாக்கும் ஒரு படத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். கவிஞர் விக்டர் கவிரியா கொலம்பியாவின் மெடயின் நகரத்தில் எடுத்த ‘ரோட்ரிகோ டி: நோ ஃபுட்டுரோ’. 1990இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. மலைச்சரிவுக் குடியிருப்புகளின் நிஜமான பையன்களே நடித்தார்கள். ரோட்ரிகோவாக நடித்த ராமிரோ மெனெசஸ் உண்மையிலேயே அந்த ஊர் பங்க் குழு ஒன்றில் இருந்தவர். ரோட்ரிகோவுக்கு வேண்டியது ஒரு டிரம் செட் மட்டும். அது கிடைக்கவில்லை. அவனுடைய நண்பர்கள் கொள்ளைக்கும் கொலைக்கும் நடுவில் நாளைக் கழிக்கிறார்கள். ‘எதிர்காலம் இல்லை’ (தலைப்பில் உள்ள ‘நோ ஃபுட்டுரோ’வின் பொருள் அதுதான்) என்பது லண்டனில் பாட்டு வரி. 1991இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலைகள் நடந்த மெடயினில் அது அன்றாட நிலவரம். படத்தில் நடித்த பையன்களில் சிலர் அது வெளிவருமுன்பே கொல்லப்பட்டார்கள். படத்தின் இறுதியில் அவர்களுக்கு அஞ்சலி இருக்கிறது. இங்கே சாவை நான் திரைக்கதையின் வசதி என்று சொல்ல முடியாது. அந்த முடிவை எழுதியது நகரம். சாவு வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தச் சாவு எங்கிருந்து வருகிறது, கதையின் தேவையிலிருந்தா, தெருவிலிருந்தா என்று பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் ஸ்ஃபீரிஸின் ஆவணப்படம். அடுத்து டெம்பிளின் இரண்டையும் வெளிவந்த வரிசையில், ஒரே வாரத்துக்குள். பிறகு ஸ்டாக்ஹோம் சிறுமிகள், அவர்களுக்கு அடுத்து மெடயின். கவிரியாவின் படத்துக்கு நல்ல துணைத்தலைப்பு உள்ள பிரதியாகத் தேடுங்கள். அந்தப் பையன்கள் பேசும் தெருமொழி ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கே பாதிதான் பிடிபடும் என்கிறார்கள். நானும் துணைத்தலைப்பின் வழியாகவே அவர்களை அறிவேன்.